புயலுக்குப் பிறகு வெளிநாட்டு உதவி கொட்டியும் சிறு தீவு நாடுகள் ஏன் மீள்வதில்லை? மக்களின் சோம்பல்தான் காரணமா?

கேட்டவர் மாதச் சம்பளக்காரராக இருப்பார் என்று நினைக்கிறேன். மரத்தை நம்பிப் பிழைப்பவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள்.

ஏற்காட்டில் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் உண்டு. ஓர் ஐப்பசி மாதச் சூறைக்காற்றில் சில்வர் ஓக் மரங்கள் சரிந்து, அவற்றில் ஏறியிருந்த மிளகுக் கொடிகள் அறுந்து, அடியில் பழுக்கத் தொடங்கியிருந்த காப்பிச் செடிகள் நசுங்கிப்போயின. சேதம் கணக்கெடுக்க வந்தவர் கூரையில் உடைந்த ஓடுகளை எண்ணி எழுதிக்கொண்டார். செருப்பில் சேறு ஒட்டும் என்று தோட்டத்துக்குள் இறங்கவே இல்லை. வந்த பணம் ஓடு மாற்றச் சரியாக இருந்தது. புதிதாக நட்ட செடி காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் வேண்டும். வங்கிக்காரர்கள் அதுவரை காத்திருப்பார்களா?

கரீபியக் கடலிலுள்ள கிரெனடாவுக்கும் இதுவே நேர்ந்தது. தேசியக் கொடியிலேயே ஜாதிக்காயைப் பொறித்துக்கொண்ட அந்நாட்டை 2004 செப்டம்பரில் ஐவன் புயல் தாக்கியபோது, சேதம் நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஜாதிக்காய் மரங்களில் பெரும்பகுதி சாய்ந்தது. அடுத்த ஆண்டே எமிலி புயலும் வந்தது. கூரைகளை உதவிப் பணத்தில் வேய்ந்துவிடலாம். விதையிலிருந்து வளர்த்த ஜாதிக்கன்று பூக்கவே ஆறேழு ஆண்டுகள் ஆகும், பூத்த பிறகுதான் அது காய்க்கும் பெண் மரமா என்பதே தெரியும். அதற்குள் பழைய கடனோடு புதுக் கடனும் சேர்ந்து, 2013இல் அந்நாட்டால் தவணை கட்ட முடியவில்லை.

ஊழலே இல்லை என்று நான் வாதாடவில்லை. பின்னூட்டத்தில் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை. கரீபிய நாடுகள் 2007இலேயே கூட்டுக் காப்பீட்டு நிதியம் ஒன்றைத் தொடங்கின. சேதத்தை ஒவ்வொன்றாக எண்ணாமல், புயலின் வேகத்தையும் பாதையையும் வைத்துக் கணித்து இரண்டு வாரத்துக்குள் பணம் தருவது அதன் முறை. கிரெனடா 2015இல் கடனை மறுசீரமைத்தபோது, புயல் தாக்கினால் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்ற விதியையும் கேட்டு வாங்கியது. 2024 ஜூலையில் பெரில் புயல் அந்நாட்டின் கேரியாகூ தீவைச் சூறையாடியதும் இரண்டையுமே பயன்படுத்திக்கொண்டது.

அந்தப் பணமும் அரசின் கருவூலத்துக்குத்தான் போகிறது. கன்று பூக்கும் வரை தோட்டக்காரரின் வீட்டில் அடுப்பு எரிய என்ன வழி என்பதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். சோம்பல் என்று எழுதுமுன் அந்த ஆறேழு ஆண்டுகளையும் கணக்கில் சேருங்கள்.