என் முயலுக்கு மூக்கைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்கு கட்டி முடி கொட்டுகிறது. தேங்காய் எண்ணெயில் வேப்பெண்ணெய் கலந்து தடவலாமா?

தடவாதீர்கள். அந்த எண்ணெய் என்ற சொல்லைப் பார்த்துத்தான் எழுதவே உட்கார்ந்தேன். முயல் நாள் முழுக்கத் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்டே இருக்கும். தடவுவது பாதி வயிற்றுக்குள் போகும். குளிப்பாட்டவும் வேண்டாம், அதற்கு அந்த அதிர்ச்சியே ஆகாது.

வேப்பெண்ணெய்க் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். ஆட்டுக்குத் தடவிச் சரியானது என்றால் சந்தோஷம். நான் முயலைப் பற்றித்தான் பேசுகிறேன். நான் டாக்டரும் இல்லை, மதுரை வில்லாபுரத்தில் வாடகை வீட்டு மாடியில் முயல் வளர்த்தவள், அவ்வளவுதான்.

உங்களுடையது கடையில் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். எங்களுக்கும் அப்படித்தான். கொடைக்கானல் பக்கம் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா என்று நல்ல இனங்கள் வைத்திருக்கிறார்கள். இது அந்த ஒயிட் ஜெயன்டேதான் என்று சத்தியம் பண்ணி ஒரு ஜோடியை விற்றார் கடைக்காரர். இனம் எதுவோ, கூடவே பூச்சி வந்தது.

முதலில் மூக்கு ஓரத்திலும் உதட்டிலும் இட்லி மாவு காய்ந்து ஒட்டியது மாதிரி இருந்தது. "சோத்துப் பருக்கை ஒட்டியிருக்கும், தொடச்சு விடு" என்றார் அத்தை. துடைத்தால் வரவில்லை. முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தேன், நகத்தடியிலும் அதே பொருக்கு. முதுகிலும் வயிற்றிலும் முடி பளபளவென்று இருந்தது. அப்போதே இது சும்மா முடி உதிர்வது இல்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டில் யாரும் கேட்கவில்லை, அது வேறு கதை.

எங்கே ஆரம்பித்தது என்று நீங்களும் பாருங்கள். மூக்கு, உதடு, காது விளிம்பு, நகத்தடி என்றால் பெரும்பாலும் சொறி. காதுக்குள் பழுப்பாக அடை அடையாக இருந்து தலையை உதறிக்கொண்டே இருந்தால் அது காதுச் சொறி, வேறு பூச்சி. அந்த அடையைப் பிய்த்து எடுக்காதீர்கள், அடியில் பச்சைப் புண். பிடரியிலும் முதுகிலும் பொடுகு மட்டும் கொட்டினால் அதற்கும் ஒரு பூச்சி உண்டு. வட்டமாக முடி போய்ச் செதில் இருந்தால் படர்தாமரை. தாடை எப்போதும் ஈரமாக இருந்தால் தோலை விட்டுவிட்டுப் பல்லைக் காட்டுங்கள். குதிகால் சிவந்திருந்தால் கூண்டின் கம்பித் தரைதான் காரணம். பெண் முயல் மார்பு முடியைத் தானே பிடுங்கினால் குட்டிக்கு மெத்தை போடுகிறது என்று அர்த்தம். சினை இல்லாமலும் சில சமயம் அப்படிச் செய்யும்.

கடைக்காரரிடம் காட்டினேன். நாய் உண்ணிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை எடுத்து நீட்டினார். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்து. நாய்க்குச் சரி, முயலுக்கு அடித்தால் வலிப்பு வந்து செத்தே போகலாம். அதைச் சொன்னதும் "நீங்க டாக்டரா?" என்று கேட்டார். கடையில் நாலு பேர் முன்னால் நடந்த அந்தச் சண்டையில் தோற்றது நான் இல்லை.

அப்புறம் போன ஆஸ்பத்திரியில் கூடையைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். அடுத்துப் பார்த்த டாக்டரம்மாதான் பிளேடால் பொருக்கைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் என்னையே பார்க்கச் சொன்னார். உருண்டை உடம்பு, குட்டிக் குட்டிக் கால்கள், அசைந்துகொண்டிருந்தது! ஐவர்மெக்டின் ஊசியைத் தோலுக்கடியில் போட்டார். இரண்டு கிலோ முயலுக்கு ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதைப் படித்துவிட்டு மருந்துக் கடையில் வாங்கி நீங்களே போடாதீர்கள், ஒரு சொட்டு கூடினாலும் அதன் எடைக்கு அதிகம். பூச்சியின் முட்டையை அந்த மருந்து கொல்லாது, அதனால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு ஊசி. நன்றாக இருந்த இன்னொரு முயலுக்கும் சேர்த்தே போட்டார். பொருக்கு தானாக உதிர்ந்தது. கூண்டை வெந்நீர் ஊற்றிக் கழுவி, வைக்கோலை எரித்தோம்.

நடுவில் மகளின் முன்கையில், முயலைத் தூக்கி வைக்கிற அதே இடத்தில், சிவப்புச் சிவப்பாகப் பொரிப் பொரியாக வந்தது. அந்தப் பூச்சி மனிதத் தோலில் குடும்பம் நடத்தாது, முயல் குணமானதும் போய்விடும் என்றார் தோல் டாக்டர். போயும்விட்டது. ஆனால் அதற்குள் கீழ்வீட்டு ஓனர் அம்மா காதில் "சொறி" என்ற சொல் விழுந்துவிட்டது. மாதம் முடிவதற்குள் காலி பண்ணச் சொன்னார். சரி, போகிறோம், அட்வான்ஸைக் கொடுங்கள் என்றால், வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் குடிவந்தபோதே அந்தச் சுவரில் பழைய காலண்டர் ஆணி ஓட்டைகள்! மதுரையில் வாடகைக்கு இருப்பவர்கள் யாராவது அட்வான்ஸ் முழுசாகத் திரும்ப வாங்கியிருந்தால் சொல்லுங்கள், பார்க்க வேண்டும்.

சரி, உங்கள் விஷயம். முயல் பார்க்கத் தெரிந்தவர்களா என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். இந்த வெயிலில் மத்தியானம் கிளம்பாதீர்கள், காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். வேறு முயல் இருந்தால் அதையும் கூடையில் போடுங்கள். அதற்கு முன்னால் எந்த எண்ணெயும் களிம்பும் வேண்டாம், சுரண்டிப் பார்க்கப் பொருக்கு காய்ந்திருக்கட்டும்.