மோட்டார்ஹோமில் பெற்றோரை எங்கே சந்திப்பது?

கேள்வி: நானும் மனைவியும் ஜூன் தொடக்கத்தில் கனடாவின் கால்கரியிலிருந்து, படுக்கையும் சமையலறையும் உள்ள எங்கள் 28 அடி மோட்டார்ஹோமில் கிளம்பி, அலாஸ்கா நெடுஞ்சாலை வழியாக மூன்று மாதம் வடக்கே சுற்றப் போகிறோம். ஜூலை முதல் வாரத்தில் மதுரையிலிருந்து அப்பாவும் (72) அம்மாவும் (67), டொராண்டோவிலிருந்து தங்கையும் அவளுடைய ஆறு வயது மகளும் வந்து பத்து நாள் எங்களோடு இருக்க விரும்புகிறார்கள். அப்பா இன்சுலின் போட்டுக்கொள்பவர். வண்டியில் ஆறு பேர் தூங்கலாம் என்று விற்றவர் சொன்னார். இவர்களை அந்த நெடுஞ்சாலையில் உள்ள வாட்சன் லேக் என்ற ஊரில் ஏற்றிக்கொண்டு அலாஸ்கா வரை போய் வரலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பத்து நாளும் வண்டியை, கனடாவின் யூகான் பிரதேசத் தலைநகரான வைட்ஹார்ஸில் நிறுத்திவிட்டு, விருந்தினருக்கு அங்கேயே சமையலறையுடன் கூடிய ஒரு வாடகை வீட்டையும் ஒரு காரையும் ஏற்பாடு செய்யுங்கள் என்பதே என் ஆலோசனை. செலவு கூடும் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன்.

விற்றவர் சொன்ன கணக்கிலிருந்தே தொடங்கலாம். ஒரு மோட்டார்ஹோமில் எத்தனை பேர் தூங்கலாம் என்பது வேறு, எத்தனை பேர் பயணிக்கலாம் என்பது வேறு. ஓடும் வண்டியில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது படுக்கைகள் அல்ல, சீட் பெல்ட்டுகள். உணவு மேசையின் இருபுறமும் உள்ள இருக்கைகளில் பல வண்டிகளில் இடுப்புப் பட்டை மட்டுமே இருக்கும். ஆறு வயதுக் குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் இருக்கைக்கோ தோளையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை கட்டாயம் வேண்டும். ஓட்டுநர் தலைக்கு மேலே உள்ள படுக்கையில் வண்டி ஓடும்போது யாரும் படுத்திருக்கவே கூடாது. இன்றே வண்டிக்குள் ஏறி, பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து எண்ணுங்கள்.

அடுத்தது தண்ணீர். பேசக் கூச்சமாக இருப்பதால் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பயணம் கெடுவதோ பெரும்பாலும் இங்கேதான். உங்கள் அளவு வண்டிகளில் நன்னீர்த் தொட்டி பெரும்பாலும் 150 லிட்டரை ஒட்டியே இருக்கும். கழிவறைத் தொட்டி அதைவிடச் சிறியது. சிக்கனமாக இருக்கத் தெரிந்த இருவர் அதை வைத்து நான்கு நாள் ஓட்டலாம். ஆறு பேர் ஆளுக்கு இருபது லிட்டர் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 120 லிட்டர் ஆகிறது. அரிசி களைந்த நீர், பாத்திரம் தேய்த்த நீர், குளித்த நீர் எல்லாம் ஒரு தொட்டிக்குப் போக, காகிதத்துக்குப் பதிலாகத் தண்ணீர் பயன்படுத்தும் நம் வழக்கத்தால் கழிவறைத் தொட்டியும் எதிர்பார்த்ததைவிட வேகமாக நிரம்பும். வண்டியை நிறுத்தித் தங்க யூகான் அரசு நடத்தும் கேம்ப்கிரவுண்டுகள் அழகானவை, விறகும் தருவார்கள். ஆனால் மின் இணைப்போ கழிவுநீர் இணைப்போ கிடையாது. ஒவ்வொரு நாள் காலையிலும் 'தொட்டி நிரம்பிவிட்டதா' என்று கேட்டுக்கொண்டே கழியும் விடுமுறையை உங்கள் அம்மா ரசிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவின் இன்சுலினுக்கும் வண்டியைவிட வீடே நல்லது. மோட்டார்ஹோமில் உள்ள, வாயுவில் இயங்கும் குளிர்பெட்டி, வண்டி சமதளத்தில் நின்றால்தான் சரியாகக் குளிரூட்டும். அதன் உட்புறப் பின்சுவரில் உள்ள உலோகத் தகடுகளை ஒட்டி வைக்கும் பொருள் உறைந்தும் போகும். உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. வாடகை வீட்டில் சாதாரண குளிர்பெட்டி இருப்பதால் இந்தக் கவலை இல்லை. யூகான் முழுவதற்கும் மருத்துவமனை இருப்பது வைட்ஹார்ஸ், வாட்சன் லேக், டாசன் சிட்டி ஆகிய மூன்று ஊர்களில்தான். அவற்றில் பெரியது வைட்ஹார்ஸில் உள்ளது. ஊர்களுக்கு இடையே பல நூறு கிலோமீட்டருக்குக் கைபேசியில் சிக்னல் இராது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வருகையாளருக்கான மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய்க்கு அது பொருந்துமா என்ற பத்தியை வரிவரியாகப் படியுங்கள்.

வான்கூவரிலிருந்து வைட்ஹார்ஸுக்கு விமானத்தில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். மதுரைக்கும் அந்த ஊருக்கும் நேர வித்தியாசம் சரியாகப் பன்னிரண்டரை மணி நேரம். அதாவது பெற்றோருக்கு இரவும் பகலும் அப்படியே தலைகீழாகும். போதாக்குறைக்கு ஜூலை முதல் வாரத்தில் அங்கே சூரியன் மறைவதே இரவு பதினொன்றரை மணியளவில்தான்; அதன் பிறகும் முழுதாக இருட்டாது. படுக்கையறை ஜன்னலுக்குக் கனமான திரை இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். முதல் இரண்டு நாள் எங்கும் கூட்டிப்போகாதீர்கள்.

பிறகு போய் வர இடங்கள் இருக்கின்றன. கார்க்ராஸ் 75 கி.மீ.க்குள், வழியில் எமரால்ட் ஏரி, ஊரை ஒட்டி ஒரு சின்ன மணல்மேடு. ஹெய்ன்ஸ் ஜங்ஷன் சுமார் 155 கி.மீ.; அங்கே ஓர் இரவு தங்கினால் அடுத்த நாள் குளுவானே ஏரிக்கரை வரை போய், மலைச்சரிவில் வெள்ளைப் புள்ளிகளாக மேயும் டால் என்ற காட்டு ஆடுகள் தென்பட்டால் பைனாகுலரில் காட்டலாம். அந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஸ்லிம்ஸ் ஆறு, பனியாறு பின்வாங்கியதால் 2016இல் திசைமாறிப் போய்விட்டது. வற்றிய படுகையிலிருந்து காற்றடிக்கும் நாளில் புழுதி எழும்பும். யாருக்கேனும் ஆஸ்துமா இருந்தால் அன்று அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அலாஸ்காவை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், ஃபேர்பேங்க்ஸுக்கு ஒரு வழிக்கே 900 கி.மீ.க்கு மேல் ஆகும். குளுவானே ஏரியைத் தாண்டி எல்லை வரை, நிலத்தடி உறைபனி இளகுவதால் சாலை அலையலையாகப் புடைத்தும் தாழ்ந்தும் கிடக்கும். பின்னிருக்கையில் இருக்கும் முதியவருக்கு அது தண்டனை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசாவும் வேண்டும். அவர்கள் ஊர் திரும்பிய பின் நீங்கள் இருவரும் நிதானமாகப் போங்கள். அப்போது அம்மா விட்டுச்சென்ற பச்சைக் கறிவேப்பிலை மீதியிருந்தால் எல்லைக்கு முன்பே தீர்த்துவிடுங்கள், அமெரிக்கச் சோதனையில் அதை அனுமதிக்க மாட்டார்கள்.

கடைசியாக, தேதி. என் மாமனாரும் மாமியாரும் வந்த கோடையில் டெஸ்லின் அருகே என் வண்டியின் சக்கர பேரிங் போய், உதிரிபாகம் தெற்கேயிருந்து வர மூன்று நாள் ஆயிற்று. அவர்கள் விமான நிலையத்தில் பெட்டிகளோடு நின்றபோது நான் 180 கி.மீ. தள்ளி ஒரு பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஆகவே அவர்கள் இறங்கும் நாளுக்கு நான்கு நாள் முன்பே நீங்கள் வைட்ஹார்ஸில் இருக்கும்படி கால்கரியிலிருந்து கிளம்புங்கள். வாடகைக் கார்கள் கோடையில் சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் அதை இந்த வாரமே முன்பதிவு செய்யுங்கள். சரளைச் சாலையில் ஓட்ட அனுமதி உண்டா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.