வாசகர் கேள்வி – பதில்: சுரங்கத்திலிருந்து வந்த மேலாளர்

கேள்வி: ஸ்காட்லாந்தின் ஜாக் ஸ்டீன் தம் நாட்டு அணிக்காக ஒரு சர்வதேசப் போட்டியில்கூட ஆடியதில்லை என்று படித்தேன். அப்படிப்பட்டவர் எப்படி இவ்வளவு பெரிய கால்பந்து மேலாளர் ஆனார்?

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். ஆட்டக்காரர் என்ற அளவில் ஸ்டீன் திடமான ஒரு நடுத் தடுப்பாட்டக்காரர். அதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. 1922இல் லனார்க்‌ஷயரின் பர்ன்பேங்கில் பிறந்த அவர், 27 வயது வரை நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்துக்கொண்டே ஆல்பியன் ரோவர்ஸ் என்ற சிறிய அணிக்கு ஆடினார். முழுநேர ஆட்டக்காரராக வேல்ஸின் லனெல்லி அணிக்குப் போனபோது, ஊரில் விட்டு வந்த வீட்டில் திருடர்கள் புகுந்ததால் மனைவி கலங்கிப்போனார். ஆட்டத்தை விட்டுவிட்டுச் சுரங்கத்துக்கே திரும்பிவிடலாம் என்று ஸ்டீன் எண்ணியிருந்த நேரத்தில்தான், 1951 டிசம்பரில், கிளாஸ்கோவின் செல்டிக் கிளப் அவரை அழைத்தது. இரண்டாம் நிலை அணியின் இளைஞர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்றே அழைத்தார்கள். முதல் அணியின் தடுப்பாட்டக்காரர்கள் அடுத்தடுத்துக் காயமடைந்ததால் அவருக்கு இடம் கிடைத்தது, பிறகு தலைமைப் பொறுப்பும் வந்தது. 1954இல் அவர் தலைமையில் செல்டிக் லீக், ஸ்காட்டிஷ் கோப்பை இரண்டையும் வென்றது. கணுக்காலில் பட்ட காயம் 1957இல் அவருடைய ஆட்டத்தை முடித்து வைத்தது.

அவருடைய மேலாண்மைக்கு வேர் சுரங்கத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பக்கத்தில் நிற்பவரின் முகம்கூடத் தெரியாத அந்த இருட்டில், உயிர் அந்த மனிதரின் கையில்தான் இருக்கிறது என்பதை அவர் அனுபவித்து அறிந்திருந்தார். ஒருவர் எதற்கு அஞ்சுகிறார், எதற்குக் கட்டுப்படுவார் என்று கணிக்கும் திறமை அவருக்கு அங்கேதான் வாய்த்திருக்க வேண்டும். பின்னாளில் அவர் செல்டிக்கின் மேலாளராக இருந்தபோது நடந்த ஜிம்மி ஜான்ஸ்டன் விஷயத்தைப் பாருங்கள். செல்டிக்கின் வலது ஓரத்தில் ஆடிய அந்தக் குள்ளமான மேதைக்கு விமானப் பயணம் என்றாலே நடுக்கம். 1968 நவம்பரில் ரெட் ஸ்டார் பெல்கிரேடுக்கு எதிராகக் கிளாஸ்கோவில் நடந்த ஐரோப்பியக் கோப்பை (ஐரோப்பிய கிளப் அணிகளுக்கான போட்டி) ஆட்டம் இடைவேளையில் 1–1 என்று நின்றபோது, நான்கு கோல் வித்தியாசத்தில் வென்றால் நீ இரண்டாம் ஆட்டத்துக்குப் பெல்கிரேடுக்குப் பறக்க வேண்டியதில்லை என்று ஸ்டீன் அவருக்கு வாக்குக் கொடுத்தார். இரண்டாம் பாதியில் செல்டிக் நான்கு கோல்கள் போட்டது. அவற்றில் இரண்டு ஜான்ஸ்டன் அடித்தவை. ஆட்டம் 5–1 என்று முடிந்தது, ஸ்டீனும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். கரும்பலகையில் கோடு போட்டு விளக்கிப் பெற்றுவிடக்கூடிய வெற்றி அல்ல அது.

கேள்வி: 1967 லிஸ்பன் இறுதிப் போட்டியை ஏன் இன்றும் கொண்டாடுகிறார்கள்?

பதில்: பிரிட்டனைச் சேர்ந்த ஓர் அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. அதைவிட வியப்பானது, களமிறங்கிய பதினொருவரும் செல்டிக் மைதானத்திலிருந்து சுமார் 30 மைல் தூரத்துக்குள் பிறந்தவர்கள் என்பது. எதிரே நின்றது ஹெலேனியோ ஹெரேரா பயிற்றுவித்த இன்டர் மிலன். கோல் விடாமல் கதவடைத்து ஆடுவதில் அன்று அவர்களுக்கு இணை கிடையாது. டன்ஃபர்ம்லைன் அணிக்கு மேலாளராக இருந்தபோது, 1963இல், ஸ்டீன் மிலனுக்கே சென்று ஹெரேராவின் பயிற்சி முறைகளை நேரில் கவனித்திருந்தார் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மே 25 அன்று, ஏழாவது நிமிடத்தில் மாட்சோலா பெனால்டியில் கோல் அடித்ததும் இன்டர் தன் எல்லைக்குள் ஒடுங்கிக்கொண்டது. செல்டிக் அலை அலையாக ஏறிச் சென்றது. பந்து இருமுறை குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 63ஆவது நிமிடத்தில் டாமி கெம்மல், 84ஆவது நிமிடத்தில் ஸ்டீவி சால்மர்ஸ், 2–1. இதில் என் மனத்தை விட்டு நீங்காத காட்சி வேறு: பொய்ப்பற்கள் வைத்திருந்த ஆட்டக்காரர்கள் சிலர், வென்றால் புகைப்படத்துக்கு வேண்டுமே என்று அவற்றைக் கழற்றி, கோல்கீப்பர் ரோனி சிம்ப்சனின் தொப்பியில் போட்டு வலைக்குள் வைத்திருந்தார்கள். உழைக்கும் குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களிடம் அச்சமின்றி முன்னேறி ஆடச் சொன்னவர் ஒரு முன்னாள் சுரங்கத் தொழிலாளி.

1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது லீக் பட்டங்களும் அவருடைய பொறுப்பில் வந்தவையே.

கேள்வி: அவர் ஆட்ட மைதானத்திலேயே இறந்தார் என்பது சரியா?

பதில்: சரிதான். 1975இல் நேர்ந்த கார் விபத்து அவர் உடலை மிகவும் பாதித்தது. 1978இல் செல்டிக்கை விட்டு விலகி, லீட்ஸ் யுனைடெட்டில் 44 நாள்கள் மட்டுமே இருந்துவிட்டு ஸ்காட்லாந்து தேசிய அணியின் பொறுப்பை ஏற்றார். 1985 செப்டம்பர் 10 அன்று கார்டிஃப் நகரில் வேல்ஸுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தில் தோற்காமல் இருந்தாலே போதும் என்ற நிலை. பின்தங்கியிருந்த ஸ்காட்லாந்துக்கு டேவி கூப்பர் பெனால்டியில் சமன் செய்து கொடுத்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் ஸ்டீன் மாரடைப்பால் சரிந்தார். மைதானத்தின் மருத்துவ அறையிலேயே உயிர் பிரிந்தது. வயது 62. அன்று அவருக்கு உதவியாளராக இருந்தவர் அபர்டீன் அணியின் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன். 1986 மெக்சிகோ உலகக் கோப்பைக்கு ஸ்காட்லாந்தை அழைத்துச் சென்றவர் அவரே.