நத்தார் லைட் எல்லாவற்றையும் போட்டால் ட்ரிப் ஸ்விட்ச் விழுகிறது. பிழை எங்கே?

கொட்டாஞ்சேனையில் வீட்டு முகப்பு, மொட்டை மாடிச் சுவர், கேட் என்று எல்லா இடமும் லைட் கட்டியிருக்கிறீர்கள். பகலில் போட்டுப் பார்த்தால் நன்றாக எரிகிறது. பின்னேரம் மழை தூறினால் முழு வீடும் இருட்டாகிறது. அதோடு பிக்சல் லைட்டில் (ஒவ்வொரு பல்பும் தனித்தனியாக நிறம் மாறும் மாலை) வெள்ளை நிறம் கடைசிப் பக்கம் போகப் போகச் செம்மஞ்சளாகத் தெரிகிறது. "லோட் கூடிவிட்டது, பெரிய ட்ரிப் ஸ்விட்ச் மாற்றுங்கள்" என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

வெசாக்கிற்குக் கீழ் வீட்டுக்காரரோடும், நத்தாருக்கு வத்தளையில் அக்கா வீட்டிலும் வருடா வருடம் லைட் கட்டுகிறவன் நான். இரண்டுமே கொழும்பில் மழைக்காலத்தில்தான் வருகின்றன, அதனால் உங்கள் பிரச்சினை எனக்கு நன்றாகத் தெரிந்த பிரச்சினை.

லோட் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு எல்ஈடி மாலை 10 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது மாலை போட்டாலும் 200 வாட்தான். நம்முடைய 230 வோல்ட்டில் அது 1 அம்பியருக்கும் குறைவு. லோட் கூடினால் விழுவது ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக இருக்கும் சின்ன பிரேக்கர். டெஸ்ட் பட்டனோடு அகலமாக இருக்கும் ட்ரிப் ஸ்விட்ச் வேறு வேலை செய்கிறது. லைவ் வழியாகப் போகும் கரண்டும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வரும் கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் வந்தால் கரண்ட் எங்கேயோ நிலத்துக்கு ஒழுகுகிறது என்று அர்த்தம், உடனே வெட்டிவிடும். வீடுகளில் பொதுவாக இருப்பது 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஸ்விட்ச். 15க்கு மேல் போனாலே விழக்கூடிய மாதிரித்தான் அது செய்யப்படுகிறது. பெரும்பாலான வீடுகளில் முழு வீட்டுக்கும் ஒன்றுதான் இருக்கும். அதனால்தான் கேட் லைட்டில் பிழை இருந்தாலும் குசினியில் ஃபிரிட்ஜும் நிற்கிறது.

ஆகவே முதலில் பிரேக்கரும் ட்ரிப் ஸ்விட்சும் இருக்கும் பெட்டியைத் திறந்து எது விழுந்தது என்று பாருங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ட்ரிப் ஸ்விட்ச்தான்.

பிறகு, வெளி லைட்டின் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். சுவிட்சை ஓஃப் பண்ணினால் போதாது. சுவர் சுவிட்ச் பொதுவாக லைவ் வயரை மட்டும்தான் வெட்டும். நனைந்த இடத்தில் நியூட்ரல் வயர் நிலத்தோடு தொடர்புபட்டிருந்தால், சுவிட்ச் ஓஃபில் இருந்தாலும் ட்ரிப் ஸ்விட்ச் விழும். பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த இடத்தில்தான். எல்லாம் கழற்றிய பிறகும் விழுந்தால் பிழை வீட்டுக்குள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். விழாமல் நின்றால், மழை பெய்து வயர் நனைந்திருக்கும்போதே ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். காய்ந்த பிறகு தேடினால் ஒன்றும் அகப்படாது. செருப்புப் போட்டு, கையைத் துடைத்துவிட்டு, மழை படாத சொக்கெட்டில் செய்யுங்கள். வெளியே இருக்கும் வயரைத் தொடுவதென்றால் பிளக் கழற்றியிருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம்.

நான் முதலில் சந்தேகப்படுவது கேட்டைத்தான். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் இதே கதை. கேட்டைத் திறந்து மூடும்போது கீல் இருக்கும் இடத்தில் மாலை நசிந்து, வயரின் தோல் நகத்தின் அகலத்துக்கு உரிந்திருந்தது. உள்ளே செம்பு பச்சை பிடித்துப்போய் இருந்தது, கடல் காற்று இருக்கும் ஊரில் அது சீக்கிரம் நடக்கும். காய்ந்த நேரம் கேட்டில் பூசிய பெயின்ட் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. மழை ஈரம் பட்டதும் கரண்ட் இரும்புக்கு இறங்கி, ட்ரிப் ஸ்விட்ச் வெட்டியிருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைகள் ஏறி ஆடுகிற கேட் அது. அங்கே யாராவது ட்ரிப் ஸ்விட்சைத் தவிர்த்து வயரை நேரடியாக இணைத்து விட்டிருந்தாலோ, 100 மில்லி அம்பியர் போட்டிருந்தாலோ என்ன நடந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. 230 வோல்ட் மாலையை இரும்புக் கேட்டிலும் கிரில்லிலும் சுற்றவே வேண்டாம். அங்கே அடப்டரில் ஓடுகிற குறைந்த வோல்ட் லைட் போடுங்கள், அடப்டர் வீட்டுக்குள் இருக்கட்டும்.

அடுத்து மூட்டுகள். கறுப்பு டேப் சுற்றினால் தண்ணீர் போகாது என்று நம்பக்கூடாது, வெயிலில் பசை இளகிப் பிரிந்துவிடும். ஷொப்பிங் பேக்கில் பிளக்கைக் கட்டி வைப்பது இன்னும் மோசம், உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் தேங்கும். மூட்டைக் கூரைக்குக் கீழே கொண்டுவாருங்கள். வயர் பிளக்குக்கு வரும் முன் ஒருமுறை தாழ்ந்து தொங்கிவிட்டு மேலே ஏறட்டும். அப்போது வயர் வழியே ஓடிவரும் மழைத்தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். புறக்கோட்டை ஒன்றாம் குறுக்குத் தெருவில் வாங்கும்போது தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி எண், பெட்டியில் ஐபி 44 அல்லது ஐபி 65 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஐபி 20 என்றால் அது வீட்டுக்குள் போட மட்டும்தான்.

தனித்தனியாகப் போட்டால் எதுவும் விழவில்லை, எல்லாம் சேர்ந்தால்தான் விழுகிறது என்றால் அது வேறு. எர்த் வயர் உள்ள பவர் சப்ளை, வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் எல்லாம் நல்ல நிலையிலும் கொஞ்சம் கொஞ்சம் எர்த்துக்கு ஒழுகும். அந்தச் சின்னக் கசிவுகள் ஒன்றுசேர்ந்து எல்லையைத் தொடும். இதற்கு வழி, வெளி லைட்டுக்கு என்று தனி லைனும் அதற்குத் தனி 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஸ்விட்சும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு போடுவது. ஃபிரிட்ஜும் தப்பும்.

இனி பிக்சல் லைட். இது மழையோடு சம்பந்தமில்லை. முழு வெள்ளையில் 5 வோல்ட் பிக்சல் ஒன்று சுமார் 60 மில்லி அம்பியர் வரை இழுக்கும். 50 பிக்சலுக்கு 3 அம்பியர் ஆகிறது. மெல்லிய வயரில் அவ்வளவு கரண்ட் ஓடினால் வழியிலேயே 1 வோல்ட் தொலைந்துவிடும். 230இல் ஒரு வோல்ட் போனால் கண்ணுக்குத் தெரியாது, 5இல் அது ஐந்தில் ஒரு பங்கு. நீலத்துக்கும் பச்சைக்கும் ஏறத்தாழ 3 வோல்ட் தேவை, சிவப்புக்கு 2 போதும். அதனால் நீலமும் பச்சையும் முதலில் மங்க, சிவப்பு மிஞ்சுகிறது.

சோதிக்க லேசான வழி, கன்ட்ரோலரில் வெளிச்சத்தை 30 வீதத்துக்குக் குறைத்துப் பாருங்கள். நிறம் சரியாகிவிட்டால் வோல்ட் இறக்கம்தான். பல வீடுகளுக்கு அந்த வெளிச்சமே தாராளம், அப்படியே விட்டுவிடலாம். முழு வெளிச்சம் வேண்டுமென்றால் அதே பவர் சப்ளையிலிருந்து தடித்த வயர் இரண்டு, பிளஸும் மைனஸும், மாலையின் கடைசி முனைக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். சப்ளை அந்தக் கரண்டைத் தாங்குமா என்பதையும் பாருங்கள். இரண்டாவது சப்ளை போடுவதானால் மைனஸ் இரண்டையும் சேர்க்க வேண்டும், பிளஸை நடுவில் வெட்டிவிட வேண்டும். வெளிச்சத்தைக் குறைத்த பிறகும் நிறம் தாறுமாறாக மின்னினால் டேட்டா வயரில்தான் (எந்த நிறம் காட்ட வேண்டும் என்று பிக்சலுக்குச் சொல்லும் வயர்) பிழை. பிழையாக மின்னத் தொடங்கும் பிக்சலையும் அதற்கு முந்தியதையும் மாற்றிப் பாருங்கள்.