316-ஆ, 8-ஆ? ஒரு சோவியத் டிவிஷனின் இரண்டு எண்கள்

கேள்வி: இரண்டாம் உலகப்போர் பற்றிய ருஷ்ய நினைவுக்குறிப்பு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். தொடக்கத்தில் 316-ஆவது காலாட்படை டிவிஷன் என்று வருவது, பிறகு 8-ஆவது கார்ட்ஸ் டிவிஷன் ஆகிவிடுகிறது. இரண்டும் ஒன்றுதானா? அடிக்குறிப்பில் என்ன எழுதுவது?

பதில்: ஒன்றுதான், ஆனால் ஆண்டைப் பார்த்த பிறகே அப்படி எழுதுங்கள். 1941 ஜூலையில் கசகஸ்தானின் அல்மா அட்டாவில் (இன்றைய அல்மாட்டி) கசாக், கிர்கிஸ், ருஷ்ய வீரர்களைக் கொண்டு மேஜர் ஜெனரல் இவான் பன்ஃபீலோவ் திரட்டிய 316-ஆவது டிவிஷன், மாஸ்கோவுக்கு மேற்கே வொலொகொலாம்ஸ்க் சாலையைக் காத்துநின்றதற்காக அவ்வாண்டு நவம்பர் 18 அன்று 8-ஆவது கார்ட்ஸ் டிவிஷனாகப் பெயர் மாற்றப்பட்டது. அதே நாளில் பன்ஃபீலோவ் களத்தில் மடிந்தார். சில நாட்களில் டிவிஷனுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. போரில் சிறப்பாகச் செயல்பட்ட படைகளுக்கு அளிக்கப்பட்ட கார்ட்ஸ் தகுதிக்குத் தனி எண்வரிசை இருந்ததால் டிவிஷனின் உட்பிரிவுகளான ரெஜிமென்ட்களின் எண்களும் மாறின: 1073 என்பது 19 ஆனது, 1075 என்பது 23 ஆனது. காலியான 316 என்ற எண்ணோ பின்னர் வேறு புதிய டிவிஷன்களுக்குக் கொடுக்கப்பட்டது. ஆகவே 1943-இல் காக்கசஸ் பகுதியில் போரிடும் 316-ஐக் கண்டால் அதைப் பன்ஃபீலோவுடன் இணைத்துவிடாதீர்கள். இணையத்தில் அடிக்கடி நேரும் குழப்பம் இது.

வொலொகொலாம்ஸ்க் அருகே துபொசெகொவொவில் ஜெர்மன் டாங்கிகளைத் தடுத்து மடிந்ததாகச் சொல்லப்படும் '28 வீரர்கள்' உங்கள் நூலில் வந்தால் இன்னும் கவனம் தேவை. 1941 நவம்பர் 16 அன்று 1075-ஆவது ரெஜிமென்ட் அங்கே கடும் போரிட்டதில் ஐயமில்லை. ஆனால், 28 பேரும் இறந்தார்கள் என்று செம்படை நாளேடான 'கிராஸ்னயா ஸ்வெஸ்தா' எழுதிய கதை பத்திரிகையாளரின் புனைவு என்று 1948-இல் ராணுவ வழக்குத் தொடுப்புத் துறை முடிவு செய்தது. இறந்தவர்களாக அறிவிக்கப்பட்ட சிலர் உயிரோடிருந்தார்கள். அப்படி 28 பேர் மட்டும் நின்ற சண்டை எதுவும் நடக்கவில்லை என்று ரெஜிமென்ட் தளபதி கப்ரோவே சாட்சியம் அளித்தார். அந்த அறிக்கையை ருஷ்ய அரசு ஆவணக் காப்பகம் 2015-இல் வெளியிட்டது. மூலத்தில் உள்ளதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டு, இதை அடிக்குறிப்பில் தருவதே முறை.

போருக்குப் பின் எஸ்டோனியாவில் இருந்த இந்த டிவிஷன், மோட்டார் காலாட்படையாக மாற்றப்பட்டு, 1960-களின் பிற்பகுதியில் ஃப்ரூன்சேக்கு, அதாவது இன்றைய பிஷ்கேக்கிற்கு, இடம்பெயர்ந்தது. சோவியத் ஒன்றியம் கலைந்ததும் கிர்கிஸ்தான் ராணுவத்தைச் சேர்ந்தது. போர்க்காலத் தேதிகளைச் சரிபார்க்க, ருஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'பாம்யத் நரோதா' தளத்தில் உள்ள போர் நாட்குறிப்புகளைப் பாருங்கள். தேடும்போது பழைய, புதிய எண்கள் இரண்டையும் கொடுத்துப் பார்ப்பது நல்லது.