வாசகர் கேள்வி: தப்ரீஸில் போணியாகாத நோட்டு

கேள்வி: காகித நோட்டு அடித்தே ஆட்சியைத் தொலைத்த மங்கோலிய மன்னர் ஒருவர் உண்டு என்கிறார் என் மகனின் வரலாற்று ஆசிரியர். நிஜமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பாதி நிஜம். ஆசாமியின் பெயர் கைகாத்து. ஈரானை ஆண்ட மங்கோலியர்களில் ஒருவர். அண்ணன் அர்குன் இறந்ததும் 1291-ல் பட்டத்துக்கு வந்தார். நாலு வருஷம்கூட நிறையவில்லை. கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிற கை. போதாக்குறைக்குக் கால்நடைகளும் கொள்ளைநோயில் செத்து விழ, கஜானா காலி. அமைச்சர் சத்ருத்தீன் சஞ்சானி ஒரு யோசனை சொன்னார்: சீனாவில் குப்ளாய் கான் காகிதத்தை வைத்துத்தானே காலம் தள்ளினார், நாமும் அடித்தால் என்ன?

1294-ல் தப்ரீஸ் நகரில் நோட்டு வந்தது. நீளவாக்கில் ஒரு காகிதம், அதில் சீன எழுத்து, கூடவே இஸ்லாமியக் கலிமா. அரை திர்ஹாம் முதல் பத்து தினார் வரை மதிப்பு. வாங்க மறுத்தால் தலை போகும் என்று உத்தரவு. வியாபாரிகள் மறுக்கவில்லை, கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்! ஊரில் ரொட்டிக்கே திண்டாட்டம். ஒரு பக்கீர் நடுக்கடைவீதியில் அமைச்சரின் குதிரைக் கடிவாளத்தைப் பிடித்து, ஈரல் கருகும் நாற்றம் ஊரைத் தூக்குகிறதே, உமக்கு மூக்கு இல்லையா என்கிற அர்த்தத்தில் ஒரு கவிதை சொன்னாராம். சில வாரங்களில் நோட்டு வாபஸ்.

என்னைக் கேட்டால், காகிதத்தின் மேல் குற்றமில்லை. குப்ளாயின் நோட்டை அவருடைய அரசாங்கமே வரியாக வாங்கிக்கொண்டது. கிழிந்ததைக் கொடுத்தால், நூற்றுக்கு மூன்று பிடித்துக்கொண்டு புதிது தந்தது. கைகாத்துவிடம் இருந்ததோ மிரட்டல் மட்டும். கடனைத் திருப்பித் தர வக்கில்லாதவர் கத்தியைக் காட்டி நீட்டிய கடன் சீட்டை எவன் நம்புவான்?

ஆனால் உயிர் போனதற்குக் காரணம் நோட்டு மட்டுமில்லை. குடிபோதையில் பங்காளி பைதுவை ஆள்விட்டு அடிக்க வைத்தார் கைகாத்து. பைது அதை மறக்கவில்லை. 1295 மார்ச்சில் கைகாத்துவின் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அடுத்து வந்த பைதுவுக்கு அந்த வருஷமே முழுசாகக் கிடைக்கவில்லை; அர்குனின் மகன் கஸானிடம் தோற்று, அக்டோபரில் அவர் கதையும் முடிந்தது.

யோசனை சொன்ன சத்ருத்தீன்? மனிதர் கெட்டிக்காரர். கஸானிடமும் அமைச்சராகி, 1298-ல்தான் தலையைக் கொடுத்தார். அவர் போனபின் அமைச்சரானவர்களில் ஒருவர் ரஷீதுத்தீன். இந்த நோட்டு விவகாரத்தை வரலாற்றில் எழுதி வைத்தவரும் அவர்தான்.