ரத்தம் ஏற்றாமல் குடல் ஆபரேஷன் முடியுமா?

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு 61 வயது. பெருங்குடலின் வலது பக்கம் கேன்சர். வேறு எங்கும் பரவவில்லை, எடுத்துவிட்டால் குணமாக நல்ல வாய்ப்பு என்கிறார்கள். ஹீமோகுளோபின் 8.9. அம்மா யெகோவாவின் சாட்சி, ரத்தம் ஏற்றவே கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் அந்தச் சபையில் இல்லை. கோவையில் காட்டிய இடத்தில், ரத்தத்துக்குச் சம்மதிக்காவிட்டால் ஆபரேஷன் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மாமாவோ, "மயக்கம் கொடுத்த பிறகு நீ வெளியே கையெழுத்துப் போடு, அவளுக்குத் தெரியவா போகுது" என்கிறார். என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: மாமா சொல்வதை முதலில் மறந்துவிடுங்கள். சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பேசியது. மகள் மயக்கத்தில் இருக்கும்போது வெளியே அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்தது செல்லாது என்று தீர்ப்பு. தெளிவாக யோசித்து வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த ஒருவருக்கு உங்கள் கையெழுத்தை வைத்து ரத்தம் ஏற்ற முடியாது, அப்படிச் செய்ய ஒத்துக்கொள்ளும் டாக்டரிடம் அம்மாவை விடவும் வேண்டாம்.

சரி, ஆபரேஷனுக்கு வருவோம். இங்கே உண்மையான பிரச்சினை அந்த 8.9 தான். வலது பக்கக் கட்டிகள் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், இரும்புச்சத்து காலியாகும். அதுவும் நம் மலையில் இருப்பவர்களுக்கு உடல் தானாகவே சிவப்பணுவைக் கூட்டி வைத்திருக்கும், கோத்தகிரி உயரத்தில் ஒரு கிராம் போலக் கழித்துத்தான் அந்த ரிப்போர்ட்டைப் படிக்க வேண்டும். அதாவது அம்மாவின் சோகை காகிதத்தில் தெரிவதைவிட அதிகம்.

இதைச் சரிசெய்யாமல் யாரும் கத்தி வைக்கக் கூடாது. குடல் அடைப்பு இல்லையென்றால் சில வாரம் தள்ளிப்போட முடியுமா என்று சர்ஜனிடம் கேளுங்கள். அந்த இடைவெளியில் நரம்பு வழியாக இரும்பு ஊசி (இது ரத்தப் பொருள் அல்ல), பி12, ஃபோலிக் அமிலம் குறைவாக இருந்தால் அவையும். மூன்று நான்கு வாரத்தில் ஒன்றிரண்டு கிராம் ஏற வாய்ப்புண்டு. மாத்திரைதான் கொடுக்கிறார்கள் என்றால் டீயோடு சேர்த்துப் போடாதீர்கள், டீ இரும்பை உடம்பில் சேரவிடாது; தேயிலைத் தோட்டத்து ஊரில் இதைச் சொன்னால் எல்லோரும் என்னை முறைக்கிறார்கள். சிவப்பணுவை ஊறவைக்கும் எரித்ரோபாய்ட்டின் ஊசியும் உண்டு, ஆனால் கேன்சர் நோயாளிகளுக்கு ரத்தக்கட்டு ஆபத்து கூடும், அதனால் டாக்டர் கணக்குப் போட்டுத்தான் கொடுப்பார். அதன் சில தயாரிப்புகளில் அல்புமின் (ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் ஒரு புரதம்) இருக்கும் என்பதையும் அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஏனென்றால் முழு ரத்தம், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா இவற்றை யெகோவாவின் சாட்சிகள் ஏற்பதில்லை, ஆனால் அல்புமின், உறைவுக் காரணிகள் போன்றவை அவரவர் மனசாட்சிக்கு விட்டது. சிந்தும் ரத்தத்தைச் சுத்தம் செய்து அப்போதே திருப்பி ஏற்றும் இயந்திரமும் அப்படித்தான். (கேன்சரில் அதற்குத் தனி வடிகட்டி வேண்டும், எல்லா சர்ஜனும் விரும்பமாட்டார்கள்.) எது சம்மதம், எது இல்லை என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். அப்போது அம்மா தனியாக இருக்கட்டும். சபையார் வேண்டாம், நீங்களும் வேண்டாம்.

சர்ஜனுக்கு முன்பே மயக்க மருந்து டாக்டரைப் பாருங்கள், பாதி வேலை அவருடையது. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம், முடிந்தால் லேப்ராஸ்கோபி (சிறு துளை வழி ஆபரேஷன்), டெஸ்டுக்குச் சின்னக் குழாயில் ரத்தம் எடுப்பது எல்லாம் கேளுங்கள். ஐசியுவில் தினமும் குழாய் குழாயாக எடுப்பதே ஒரு இழப்பு. மறுத்த இடத்தில் சண்டை வேண்டாம், அவசரமில்லாத ஆபரேஷனை ஒரு டாக்டர் மறுக்கலாம். ஆஸ்பத்திரிகளோடு பேசுவதற்கென்றே அம்மாவின் சபையில் மூப்பர் குழு இருக்கிறது, எந்த சர்ஜன் செய்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆபத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். எதிர்பாராத ரத்தப்போக்கில் ஹீமோகுளோபின் 5-க்குக் கீழே போனால் காப்பாற்றுவது கஷ்டம். அதை அம்மா கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்து எண் குறைவாக இருந்தால் உடனே மலையேறாதீர்கள், மேட்டுப்பாளையத்தில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும்.

கேள்வி: முன்கூட்டியே நம் ரத்தத்தையே எடுத்துச் சேமித்து வைத்து ஆபரேஷனில் ஏற்றிக்கொள்ளலாமா?
- வாசகர், குன்னூர்

பதில்: யெகோவாவின் சாட்சிகள் சேமித்த சொந்த ரத்தத்தையும் நெடுங்காலம் ஏற்காமல் இருந்தார்கள், இப்போது அது அவரவர் மனசாட்சிக்கு விட்டது. மற்றவர்களுக்கும் நான் பெரிதாகச் சிபாரிசு செய்வதில்லை, எடுத்த ரத்தம் ஊறுவதற்குள் ஆபரேஷன் தேதி வந்துவிடும், சோகையோடு போய்ப் படுப்பீர்கள்.